293318625600: ஒரு பெரிய எண்ணைக் கையால் அலசிப் பார்க்க முழுமையான வழிகாட்டி

பன்னிரண்டு இலக்க எண் ஒன்றைக் கையில் கொடுத்து, "இதன் பண்புகளைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் கணினியைத்தான் தேடுவோம். தேவையே இல்லை. தாள், பேனா, எட்டாம் வகுப்பில் படித்த வகுபடும் விதிகள், அரைமணி நேரப் பொறுமை ஆகியவை போதும். எண் எவ்வளவு பெரியது என்பது இங்கே பெரிய தடையல்ல. அது எந்தெந்தப் பகா எண்களால் ஆனது என்பதே முக்கியம். அந்த ஒரு வரி கிடைத்துவிட்டால், காரணிகள் எத்தனை, அவற்றின் கூடுதல் என்ன, அது வர்க்க எண்ணா, இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமா என்ற எல்லாக் கேள்விகளுக்கும் அந்த வரியே பதில் சொல்லும்.

இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கொள்வது 293318625600. பார்வைக்கு எந்தச் சிறப்பும் தெரியாத எண். கணித வரலாற்றில் இதற்கு ஓர் இடம் உண்டு. எண்ணை உடைத்த பிறகு அதைச் சொன்னால்தான் அதன் அருமை புரியும் என்பதால் ஏழாம் படிவரை பொறுத்திருங்கள்.

படி 1: எண்ணைச் சரியாக வாசியுங்கள்

நம் முறையில் காற்புள்ளி இட்டால் 2,93,31,86,25,600. அதாவது இருபத்தொன்பதாயிரத்து முன்னூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு லட்சத்து இருபத்தைந்தாயிரத்து அறுநூறு. மும்மூன்று இலக்கமாகப் பிரித்தால் 293,318,625,600. இரண்டு வடிவங்களையும் தாளின் மேலே எழுதி வையுங்கள். கோடி, லட்சம் வாசிப்பதற்கு. மும்மூன்றாகப் பிரித்தது வகுபடும் சோதனைக்கு.

இலக்கங்களைக் கூட்டினால் 2+9+3+3+1+8+6+2+5+6+0+0 = 45. இந்த 45 ஒன்பதால் வகுபடுகிறது, ஆகவே எண்ணும் ஒன்பதால் வகுபடும். கடைசி இலக்கம் 0 என்பதால் ஐந்தாலும் வகுபடும். ஆக, தன் இலக்கக் கூடுதலான 45-ஆலேயே இந்த எண் மீதியின்றி வகுபடுகிறது. இத்தகைய எண்களுக்கு ஹர்ஷத் எண்கள் என்று பெயரிட்டவர் மராட்டியத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர். பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாமல், எண்களின் மீதிருந்த அன்பு ஒன்றாலேயே உலகக் கணிதத்தில் இடம்பிடித்தவர் அவர்.

படி 2: பகா காரணிகளாக உடையுங்கள்

வேலையின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. அவசரப்படாமல், எளிதாகக் கழற்றக்கூடியதை முதலில் கழற்றுங்கள்.

கடைசியில் இரண்டு பூஜ்ஜியங்கள் இருக்கின்றன. 100-ஐ வெளியே எடுங்கள். 100 என்பது 2² × 5². மிஞ்சுவது 2933186256. இதன் கடைசி இலக்கம் 6, ஆகவே இனி ஐந்து கிடையாது. ஐந்தின் அடுக்கு 2 என்று முடிவாகிவிட்டது.

இப்போது பாதியாக்கிக்கொண்டே போங்கள்:

2933186256 → 1466593128 → 733296564 → 366648282 → 183324141

நான்கு முறை பாதியாக்கியதும் ஒற்றைப்படை எண் வந்துவிட்டது. முன்பு எடுத்த 2² உடன் சேர்த்தால் 2⁶.

183324141-இன் இலக்கக் கூடுதல் 27. ஒன்பதால் வகுத்தால் 20369349. இதன் இலக்கக் கூடுதல் 36. மீண்டும் ஒன்பதால் வகுத்தால் 2263261. இதன் இலக்கக் கூடுதல் 22, மூன்றால் வகுபடாது. ஆக மூன்றின் அடுக்கு 4.

கையில் மிஞ்சியிருப்பது 2263261. இங்கேதான் பலரும் 7-ஆல் வகுத்துப் பார், 11-ஆல் வகுத்துப் பார் என்று ஒவ்வொன்றாகத் தொடங்குவார்கள். அதைவிட நல்ல வழி இருக்கிறது. 7 × 11 × 13 = 1001 என்பதை மனத்தில் வையுங்கள். ஓர் எண்ணை வலமிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்து வரும் விடை பூஜ்ஜியமானால் அந்த எண் 1001-ஆல் வகுபடும். விடை பூஜ்ஜியமாக இல்லாமல் 7, 11, 13 ஆகியவற்றில் ஒன்றால் வகுபட்டால், மூல எண்ணும் அதனால் வகுபடும். 1000 என்பது 1001-ஐவிட ஒன்று குறைவு என்பதே இதற்குக் காரணம்: ஒவ்வொரு மூன்று இலக்கக் கட்டுக்கும் மதிப்பு +1, −1 என்று மாறிமாறி வருகிறது.

2 | 263 | 261 என்று பிரியுங்கள். 261 − 263 + 2 = 0.

நேராகப் பூஜ்ஜியம். ஒரே சோதனையில் 7, 11, 13 மூன்றும் அகப்பட்டுவிட்டன. 2263261-ஐ 1001-ஆல் வகுத்தால் 2261. முழு எண்ணையே எடுத்துச் செய்தாலும் இப்படித்தான் வரும்: 600 − 625 + 318 − 293 = 0. இதற்காகத்தான் மும்மூன்றாகப் பிரித்த வடிவத்தையும் எழுதிவைக்கச் சொன்னேன்.

2261 = 7 × 323. அடுத்து 323. இது 18²-ஐவிட ஒன்று குறைவு, அதாவது 324 − 1. ஆகவே (18 − 1)(18 + 1) = 17 × 19. வகுத்தல் வேலை இன்றியே உடைந்துவிட்டது. வர்க்க எண்ணுக்கு அருகில் இருக்கும் எண்ணைப் பார்த்தால் முதலில் இந்தச் சந்தேகம் எழ வேண்டும். ஆறாம் படியில் இதே உத்தியைப் பெரிய அளவில் பயன்படுத்தப்போகிறோம்.

முடிவு:

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

இந்த வரியைக் கட்டம் கட்டி வையுங்கள். இனி வரும் ஒவ்வொரு படியும் இதிலிருந்துதான் பிறக்கிறது.

சரிபார்க்க ஒரு குறுக்கு வழி: எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்துக் கூட்டுங்கள். 29 + 33 + 18 + 62 + 56 + 00 = 198. இது 99-இன் இரு மடங்கு. ஆகவே எண் 9, 11 இரண்டாலும் வகுபட வேண்டும். நம் வரியில் இரண்டும் இருக்கின்றன.

வரியைப் பார்த்ததும் இன்னொன்றும் தெரிகிறது. 1 முதல் 22 வரை உள்ள எந்த எண்ணை எடுத்தாலும் அது இந்த எண்ணை மீதியின்றி வகுக்கும். 16-க்குத் தேவையான நான்கு இரண்டுகள் உள்ளன. 18-க்கு 2 × 3² உள்ளது. 22-க்கு 2 × 11 உள்ளது. 1 முதல் 22 வரையிலான எண்களின் மீச்சிறு பொது மடங்கு 232792560. நம் எண் அதன் 1260 மடங்கு. தொடர் முதன்முதலாக அறுபடுவது 23-இல்.

படி 3: எத்தனை காரணிகள்?

ஒவ்வொரு காரணியும் மேலே கண்ட பகா எண்களிலிருந்து சிலவற்றைப் பொறுக்கி எடுத்துச் செய்யப்படுவதுதான். இரண்டை எத்தனை முறை எடுக்கலாம்? எடுக்காமலே விடலாம், ஒருமுறை, இருமுறை, அப்படியே ஆறு முறை வரை எடுக்கலாம். மொத்தம் 7 வாய்ப்புகள். மூன்றுக்கு 5. ஐந்துக்கு 3. ஏழுக்கு 3. 11, 13, 17, 19 ஒவ்வொன்றுக்கும் எடு அல்லது விடு என்று இரண்டிரண்டு. ஒவ்வோர் அடுக்குடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும்:

7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040

ஐயாயிரத்து நாற்பது காரணிகள். பட்டியலிட்டால் ஒரு நோட்டுப் புத்தகமே நிறைந்துவிடும். எண்ணிக்கையை ஒரு வரியில் அறிந்துகொண்டோம்.

5040 என்பது 1 × 2 × 3 × 4 × 5 × 6 × 7, அதாவது ஏழின் தொடர்பெருக்கம். அதன் பகா காரணி வடிவம் 2⁴ × 3² × 5 × 7. இவை அனைத்தும் நம் எண்ணுக்குள்ளேயே அடங்கியிருப்பதால், தன் காரணிகளின் எண்ணிக்கையாலேயே இந்த எண் வகுபடுகிறது: 293318625600 ÷ 5040 = 58198140.

5040-க்கு எத்தனை காரணிகள்? 60. 60-க்கு 12. 12-க்கு 6. 6-க்கு 4. 4-க்கு 3. 3-க்கு 2. இந்தச் சங்கிலியை மறந்துவிடாதீர்கள்.

காரணிகளில் ஒற்றைப்படையானவை எத்தனை என்றால், இரண்டை எடுக்காமல் விட்டவை மட்டும்: 5040 ÷ 7 = 720. இதற்கு ஒரு நேரடிப் பயன் இருக்கிறது. ஒரு முழு எண்ணைத் தொடர்ச்சியான மிகை முழுக்களின் கூடுதலாக எத்தனை விதமாக எழுதலாம் என்பதும், அதன் ஒற்றைப்படைக் காரணிகளின் எண்ணிக்கையும் ஒன்றே. அந்த எண் தனித்து நிற்பதையும் ஒரு விதமாகச் சேர்த்து, நம் எண்ணுக்கு 720 விதங்கள். அவற்றில் எளியது மூன்று உறுப்புகள் கொண்டது: 97772875199 + 97772875200 + 97772875201. கூட்டிப் பாருங்கள்.

படி 4: காரணிகளின் கூடுதல்

5040 காரணிகளையும் கூட்ட வேண்டும். ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு பகா எண்ணுக்கும் அதன் அடுக்குகளைத் தனியே கூட்டி, விடைகளைப் பெருக்கினால் போதும்.

2-க்கு: 1 + 2 + 4 + 8 + 16 + 32 + 64 = 127
3-க்கு: 1 + 3 + 9 + 27 + 81 = 121
5-க்கு: 1 + 5 + 25 = 31
7-க்கு: 1 + 7 + 49 = 57
11, 13, 17, 19-க்கு: 12, 14, 18, 20

அடைப்புகளைப் பெருக்கி விரித்தால் ஒவ்வொரு காரணியும் ஒரே ஒரு முறை வரும் என்பதுதான் இதன் அடிப்படை. பெருக்கலைப் படிப்படியாகச் செய்யுங்கள்: 15367, 476377, 27153489, 325841868, 4561786152, 82112150736, கடைசியாக 1642243014720.

இவ்வளவு நீளமான பெருக்கலில் தவறு நுழைவது எளிது. 121 பெருக்கியாக இருப்பதால் விடை 11-ஆல் வகுபட்டே தீர வேண்டும். வலமிருந்து மாற்றி மாற்றி இலக்கங்களைக் கூட்டிக் கழியுங்கள்: 0 − 2 + 7 − 4 + 1 − 0 + 3 − 4 + 2 − 2 + 4 − 6 + 1 = 0. இலக்கக் கூடுதல் 36, ஒன்பதாலும் வகுபடுகிறது; 12 × 18 பெருக்கியாக இருப்பதால் அதுவும் எதிர்பார்த்ததே. கணக்கு நிற்கிறது.

தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூடுதல் தன்னைவிடப் பெரிதாக இருந்தால் அது மிகை எண். 12-ஐப் போன்ற சிறிய மிகை எண்கள் மயிரிழையில்தான் தாண்டும்: 1+2+3+4+6 = 16. நம் எண்ணிலோ எல்லாக் காரணிகளின் கூடுதல் எண்ணைப் போல் ஏறத்தாழ 5.599 மடங்கு. தன்னைக் கழித்த பிறகும் நான்கரை மடங்குக்கு மேல் நிற்கிறது.

எல்லாக் காரணிகளையும் பெருக்கினால் என்ன வரும்? காரணிகள் ஜோடி ஜோடியாக வருகின்றன. ஒவ்வொரு ஜோடியின் பெருக்கலும் நம் எண்ணே. 2520 ஜோடிகள் இருப்பதால் விடை, 293318625600-இன் 2520-ஆம் அடுக்கு.

படி 5: சார்பகா எண்கள்

1 முதல் நம் எண் வரை உள்ளவற்றில், அதனுடன் 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாதவை எத்தனை? ஆய்லர் தந்த வழி எளிது. ஒவ்வொரு பகா எண்ணிலும் ஓர் அடுக்கைக் குறைத்து, அதற்குப் பதிலாக அந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைவானதைப் பெருக்குங்கள். 2⁶-க்கு 32 × 1. 3⁴-க்கு 27 × 2. 5²-க்கு 5 × 4. 7²-க்கு 7 × 6. பிறகு 10, 12, 16, 18. பெருக்கினால் 50164531200.

இது மொத்தத்தில் சுமார் 17 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு நூறு எண்களை எடுத்தால் அவற்றில் ஏறக்குறைய 83 இதனுடன் ஏதோ ஒரு பொதுக் காரணியைப் பகிர்ந்துகொள்ளும்.

படி 6: வர்க்கங்களோடு உள்ள உறவு

வர்க்க எண்ணாக இருக்க எல்லா அடுக்குகளும் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். 11, 13, 17, 19 ஆகியவற்றின் அடுக்கு ஒன்று. ஆகவே இது வர்க்க எண் அல்ல. ஆனால் முதல் நான்கு பகா எண்களின் அடுக்குகள் 6, 4, 2, 2 என்று எல்லாமே இரட்டைப்படை. அவற்றைத் தனியே எடுத்தால் (2³ × 3² × 5 × 7)² = 2520². எனவே

293318625600 = 2520² × 46189

என்று அழகாக எழுதலாம். 2520 என்பது 1 முதல் 10 வரை எல்லாவற்றாலும் வகுபடும் மிகச் சிறிய எண். 46189 என்பது 11 × 13 × 17 × 19. காரணி ஜோடிகளின் எண்ணிக்கையாக முன்பு கண்டதும் இதே 2520தான். அது தற்செயல்; அதற்குள் பொருள் எதையும் தேட வேண்டாம்.

இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமா? நான்கால் வகுத்தால் மீதி 3 வரும் பகா எண்கள் அனைத்தும் இரட்டைப்படை அடுக்கில் இருந்தால்தான் முடியும். 3-க்கும் 7-க்கும் அடுக்கு இரட்டைப்படை, தடையில்லை. 11-உம் 19-உம் ஒற்றை அடுக்கில் நிற்கின்றன. ஆகவே முடியாது.

வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதலாமா? இந்தப் படியில் நான் மிகவும் ரசிப்பது இதைத்தான். பதினேழாம் நூற்றாண்டில் ஃபெர்மா சொன்ன முறை இது: எண்ணின் வர்க்கமூலத்துக்குச் சற்று மேலே உள்ள முழு எண்ணை எடுங்கள், அதன் வர்க்கத்திலிருந்து நம் எண்ணைக் கழியுங்கள், மிஞ்சுவது வர்க்க எண்ணா என்று பாருங்கள், இல்லையென்றால் அடுத்த முழு எண்ணுக்குப் போங்கள். பெரிய எண்களுக்குப் பல ஆயிரம் முறை இப்படி நகர வேண்டியிருக்கலாம்.

நம் எண்ணின் வர்க்கமூலம் 541588-க்கும் 541589-க்கும் இடையில் இருக்கிறது. 541589-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் வர்க்கத்தைக் கண்டுபிடிக்க 541600-இலிருந்து தொடங்குவது எளிது: 541600² = 293330560000. இதிலிருந்து 2 × 541600 × 11 = 11915200-ஐக் கழித்து, 121-ஐக் கூட்டினால் 293318644921. இதிலிருந்து நம் எண்ணைக் கழித்தால் மிஞ்சுவது 19321.

19321 வர்க்க எண்ணா? 140² = 19600. ஒன்று குறைத்து 139²: 19600 − 280 + 1 = 19321.

முதல் முயற்சியிலேயே அகப்பட்டுவிட்டது. ஆகவே

293318625600 = 541589² − 139² = 541450 × 541728

பன்னிரண்டு இலக்க எண் ஒன்று, 278 மட்டுமே வேறுபடும் இரண்டு எண்களின் பெருக்கலாக நிற்கிறது. நம் எண்ணின் 2520 ஜோடிகளில் இதுவே மிக நெருக்கமானது. பகா எண்கள் இந்த ஜோடிக்குள் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கின்றன என்பதைப் பாருங்கள்: 541450 = 2 × 5² × 7² × 13 × 17; 541728 = 2⁵ × 3⁴ × 11 × 19. இரண்டைத் தவிர ஒரு பகா எண்கூட இரு பக்கமும் பிரியவில்லை. நான்கு மூன்றுகளும் ஒரு பக்கம், ஐந்துகளும் ஏழுகளும் மறுபக்கம். எல்லா எண்களுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. அதனால்தான் ஃபெர்மாவின் முறையைக் கற்றுக்கொள்ள இந்த எண்ணைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

படி 7: இந்த எண்ணுக்கு என்ன சிறப்பு?

இப்போது வாக்களித்த விஷயத்துக்கு வருவோம். 1-இலிருந்து தொடங்கி 293318625600-க்கு முந்தைய எண் வரை எதை எடுத்தாலும், அதற்கு 5040 காரணிகள் கிடையாது. தனக்கு முன்னால் உள்ள எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்ணை உயர் பகு எண் என்கிறோம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று இந்த வரிசை தொடங்குகிறது. மூன்றாம் படியில் கண்ட சங்கிலியைத் திரும்பப் பாருங்கள்: 5040, 60, 12, 6, 4, 2 எல்லாமே உயர் பகு எண்கள், இடையில் வந்த 3 மட்டுமே விலக்கு.

இந்த எண்களை முதன்முதலில் ஆழமாக ஆராய்ந்தவர் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன். 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்ற அவர், அடுத்த ஆண்டிலேயே லண்டன் கணிதக் கழகத்தின் ஆய்விதழில் இதைப் பற்றி நீண்ட கட்டுரையை வெளியிட்டார். 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சிக்காக இளங்கலைப் பட்டம் வழங்கியதற்கு அடிப்படையும் இந்த ஆய்வே. முதல் உலகப்போர்க் காலத்தில் கழகம் நிதி நெருக்கடியில் இருந்ததால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறவில்லை. அது குறிப்புகளுடன் வெளிவர 1997 ஆயிற்று.

அந்தக் கட்டுரையில் இராமானுஜன் 102 உயர் பகு எண்களைப் பட்டியலிட்டார். கடைசி எண் 6746328388800. அவ்வளவு நீண்ட பட்டியலில் விடுபட்டுப்போனது ஒரே ஓர் எண். அதுதான் 293318625600.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. கணிப்பான் இல்லாத காலத்தில், பதின்மூன்று இலக்கம் வரை, வரிசையில் ஒன்றே ஒன்று மட்டும் தவறும்படி ஒருவர் இந்தப் பட்டியலை உருவாக்கினார் என்பதை நினைத்தால் எனக்கு மலைப்பே மிஞ்சுகிறது. அவர் ஒவ்வோர் எண்ணாகச் சோதித்திருக்க முடியாது. உயர் பகு எண்ணின் வடிவம் எப்படி இருக்கும் என்பதை முதலில் நிறுவிக்கொண்டார். அந்த விதிகள் நமக்கும் பயன்படும்.

முதல் விதி: பகா எண்கள் இடைவெளியின்றி வர வேண்டும். 2, 3, 5, 7 என்று போய் 11-ஐ விட்டுவிட்டு 13-ஐப் பயன்படுத்தினால், 13-ஐ 11-ஆக மாற்றி அதே எண்ணிக்கையில் காரணிகள் கொண்ட சிறிய எண்ணைச் செய்துவிடலாம். இரண்டாவது விதி: அடுக்குகள் ஏறக்கூடாது. 2⁴ × 3⁶ என்று ஒருவர் எழுதினால் அடுக்குகளை இடம்மாற்றி 2⁶ × 3⁴ ஆக்கலாம். காரணிகள் அதே 35, எண்ணோ சிறியது. மூன்றாவது, இராமானுஜன் நிறுவிய அழகான விதி: கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1, விதிவிலக்கு 4, 36 என்ற இரண்டு எண்கள் மட்டுமே. நம் எண்ணின் அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1. மூன்று விதிகளுக்கும் உட்பட்டு நிற்கின்றன.

வடிவம் பொருந்துவது மட்டும் போதாது. இதைவிடச் சிறிய போட்டியாளர் எவரும் 5040-ஐ எட்டவில்லை என்று காட்ட வேண்டும். போட்டியாளர்களைக் கடைசிப் பகா எண்ணை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

2 முதல் 37 வரையிலான பகா எண்களைப் பெருக்கினால் 7420738134810; நம் எண்ணைத் தாண்டிவிடுகிறது. ஆகவே 31-க்கு மேல் பார்க்க வேண்டாம்.

31 வரை பெருக்கினால் 200560490130. இதை இரட்டித்தாலே எல்லையைத் தாண்டும். எனவே ஒரே போட்டியாளர்; பதினொரு பகா எண்கள், காரணிகள் 2¹¹ = 2048 மட்டும். பகா எண்களை அதிகம் சேர்த்தால் காரணிகள் பெருகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல பாடம்.

29 வரை பெருக்கினால் 6469693230. இதை 45 மடங்கு வரை பெருக்கலாம். விதிகளுக்கு உட்பட்ட பெருக்கிகளில் சிறந்தது 36. கிடைப்பது 4096 காரணிகள். 24 எடுத்தால் 3840, 30 எடுத்தால் 3456, 32 எடுத்தால் 3584.

23 வரை பெருக்கினால் 223092870. 1314 மடங்கு வரை இடமிருக்கிறது. 720, 960, 1152, 1260, 1296 ஆகிய ஐந்து பெருக்கிகளும் 4608 காரணிகள் தருகின்றன. 1080 எடுத்தால் 4800. இதுதான் மிக நெருங்கிய போட்டியாளர்: 240940299600. நம் எண்ணுக்கு முந்தைய உயர் பகு எண்ணும் இதுவே.

19 வரை பெருக்கினால் 9699690. நம் எண் இதன் 30240 மடங்கு. அதைவிடச் சிறிய பெருக்கிகளில் 20160, 25200, 25920 மூன்றும் 4608 வரை வருகின்றன. 5040-ஐ எதுவும் தொடுவதில்லை. 17-க்கும் அதற்குக் கீழேயும் போனால் அடுக்குகள் வீங்குகின்றன, காரணிகளோ குறைகின்றன. இந்தப் பிரிவுகளை நீங்களே தாளில் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பெருக்கியின் அடுக்குகளுடனும் பகா எண் பெருக்கத்திலிருந்து வரும் ஒன்றைச் சேர்த்து, பிறகு மூன்றாம் படியின் சூத்திரத்தைப் போட வேண்டும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

படி 8: பக்கத்து எண்களுக்குப் போகும் பாதை

ஓர் எண்ணை உடைத்துவிட்டால் அதன் பக்கத்து உயர் பகு எண்களை மாற்றுப் பெருக்கலால் அடையலாம். நம் எண்ணிலிருந்து 2² × 7 = 28-ஐக் கழற்றி 23-ஐச் சேர்த்தால், சற்றுச் சிறிய எண் கிடைக்கும்: 293318625600 × 23 ÷ 28 = 240940299600. மேலே கண்ட முந்தைய எண் இதுதான்.

28-க்குப் பதிலாக 3 × 7 = 21-ஐக் கழற்றுங்கள். 293318625600 × 23 ÷ 21 = 321253732800. அடுக்குகள் 6, 3, 2, 1, 1, 1, 1, 1, 1. காரணிகள் 7 × 4 × 3 × 2⁶ = 5376. இதுதான் வரிசையில் அடுத்த உயர் பகு எண். முன்னும் பின்னும் உள்ள இரண்டிலும் 23 இருக்கிறது. நடுவில் நிற்கும் நம் எண்ணில் மட்டும் இல்லை. அது 19-உடன் நின்றுவிட்டு, 7-ஐ வர்க்கமாக வைத்துக்கொண்டு அந்த இழப்பை ஈடுகட்டுகிறது.

எதையும் கழற்றாமல் 23-ஐ மட்டும் சேர்த்தால்? 293318625600 × 23 = 6746328388800. இராமானுஜனின் பட்டியலில் கடைசியாக நிற்கும் அதே எண். புதிய பகா எண் ஒன்று மட்டும் கூடியிருப்பதால், இதுவரை செய்த கணக்குகளை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. காரணிகளின் எண்ணிக்கையை 2-ஆல் பெருக்குங்கள்: 10080. காரணிகளின் கூடுதலை 24-ஆல் பெருக்குங்கள்: 39413832353280. சார்பகா எண்களின் எண்ணிக்கையை 22-ஆல் பெருக்குங்கள்: 1103619686400. ஆறாம் படியை மட்டும் புதிதாகத்தான் செய்தாக வேண்டும். வர்க்கமூலம் மாறிவிட்டதால் ஃபெர்மாவின் முறையில் எத்தனை முறை நகர வேண்டியிருக்கும் என்பதை முயன்றால்தான் அறியலாம்.